சொந்த சிடியை இணையச் சந்தையில் விற்க நினைக்கும் இசைக்காரர்கள் கேட்பவை

சொந்தக் காசில் சிடி போட்டு, நானே உறைக்குள் வைத்து, நானே தபாலில் சேர்த்து விற்கிற ஆள் நான். முதல் ஆல்பத்தில் செய்த தவறுகளை இரண்டாவதில் திருத்தினேன். மூன்றாவதில் புதிய தவறுகள் செய்தேன். சக இசைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் போனிலேயே பாட்டுக் கேட்கும்போது சிடியை யார் வாங்குகிறார்கள்?

உங்கள் இசையை ஏற்கெனவே கேட்டுப் பிடித்துப்போனவர்கள். புதிதாகக் கேட்க வருபவர் சிடியில் தொடங்குவதில்லை. எங்கோ இலவசமாகக் கேட்டுவிட்டு, இது என்னிடம் இருக்க வேண்டும் என்று தோன்றிய பிறகுதான் வாங்குகிறார். ஆகவே சிடியை விளம்பரம் என்று நினைக்காதீர்கள். அது ரசிகர் எடுத்து வைத்துக்கொள்ளும் பொருள்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் 94 கோடிக்கு மேல் சிடிகள் போயின. அதுதான் உச்சம். அப்புறம் ஆண்டுக்காண்டு இறங்கி, 2004-க்குப் பிறகு முதல் முறையாக 2021-இல் கொஞ்சம் ஏறியது; அடுத்த ஆண்டே மறுபடி இறங்கிவிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். உங்களுக்குத் தேவை நூறு இருநூறு பேர்.

சந்தையில் பட்டியலிட்டால் தானாக விற்குமா?

விற்காது. இதை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது. இணையச் சந்தை உங்களுக்குக் கல்லாப்பெட்டி தருகிறது, பணம் வாங்கித் தருகிறது, ரசீது போடுகிறது. ஆளைக் கூட்டி வருவது உங்கள் வேலை. என் முதல் ஆல்பத்தை நான்கு தளங்களில் ஒரே நாளில் ஏற்றிவிட்டு விடிய விடிய மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். கடை விரித்தேன், கொள்வாரில்லை. முதல் மாதம் போன பதினோரு பிரதிகளில் ஒன்பதை வாங்கியவர்கள் எனக்கு முகம் தெரிந்தவர்கள். ஒரு கச்சேரி முடிந்து மேடையிலிருந்தே இணைப்பைச் சொன்ன இரவில், அந்த மாதம் முழுக்கப் போனதைவிட அதிகம் போனது.

அப்படியானால் சந்தை எதற்கு, சொந்த இணையதளம் போதாதா?

போதும், உங்களைத் தேடி வருபவர்களுக்கு. சந்தையில் இருப்பதன் லாபம் வேறு. அறியாத ஆளிடம் அட்டை எண்ணைக் கொடுக்கத் தயங்குபவர், பழகிய தளத்தில் தயங்காமல் வாங்குவார். பொருள் வந்து சேராவிட்டால் முறையிட ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கைக்குத்தான் நாம் கமிஷன் கொடுக்கிறோம்.

எந்தத் தளத்தை எடுப்பது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. பேண்ட்கேம்ப் 2008-இல் தொடங்கியது. தனி இசைக்காரர்களுக்கென்றே கட்டப்பட்டது. சிடி வாங்குபவருக்கு அதே நிமிடம் டிஜிட்டல் பிரதியும் கொடுக்கலாம் என்பது அதன் பெரிய பலம். தபால் வர இரண்டு வாரம் ஆனாலும் அவர் அன்றிரவே கேட்டுவிடுகிறார், 'எங்கே என் சிடி' என்ற கடிதம் குறைகிறது. டிஸ்காக்ஸ் 2000-இல் ஒலிநாடா, இசைத்தட்டு, சிடி பற்றிய தகவல் தொகுப்பாகத் தொடங்கியது. சந்தை அதன் மேல் பிறகு வந்தது. அங்கே வருபவர்கள் சேகரிப்பாளர்கள். எந்த அச்சு, எந்த ஆண்டு, தட்டின் நடு வளையத்தில் ஆலை பொறித்த எண் என்ன என்றெல்லாம் பார்ப்பார்கள். இபே, அமேசான் போன்ற பொதுச் சந்தைகளில் உங்கள் ஆல்பம் செருப்புக்கும் சார்ஜருக்கும் பக்கத்தில் கிடக்கும். பெயரை நேராகத் தட்டித் தேடுபவருக்கு மட்டும் அகப்படும்.

என் யோசனை: ஒன்றை வீடாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றைத் திண்ணையாக. நான்கு இடத்தில் வைத்தால் கையிருப்புக் கணக்கு குழம்பும். கடைசிப் பிரதியைக் கச்சேரியில் விற்றுவிட்டு வீடு வந்தால், அதே பிரதிக்கு இணையத்தில் இரண்டு பேர் பணம் கட்டியிருந்தார்கள். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பினேன். இன்னொருவருக்கு என் அலமாரியில் இருந்த சொந்தப் பிரதி போனது.

தளம் மூடிவிட்டால் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. டெரெக் சிவர்ஸ் என்ற இசைக்காரர் தன் சொந்த சிடியை விற்க 1998-இல் ஆரம்பித்ததுதான் சிடி பேபி. நண்பர்கள் 'எங்களுடையதையும் சேர்த்துக்கொள்' என்று சொல்லி வளர்ந்தது. தனி இசைக்காரர்களுக்கு அதுதான் பெரிய கடையாக இருந்தது. 2020 மார்ச்சில் அந்தக் கடையையே மூடிவிட்டு, விநியோக வேலையை மட்டும் தொடர்ந்தது. பேண்ட்கேம்பும் 2022-இல் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்துக்குக் கைமாறி, 2023-இல் மறுபடி இன்னொருவர் கைக்குப் போனது.

எனவே வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்கள் சம்மதித்திருந்தால், இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். சில தளங்கள் முகவரியைக் காட்டவே காட்டாது. அப்படிப்பட்ட இடத்தில் விற்றால் உறைக்குள் ஒரு சிறிய சீட்டு வைத்து, 'அடுத்த ஆல்பம் வரும்போது தெரிய வேண்டுமானால் இங்கே எழுதுங்கள்' என்று கேளுங்கள். தளத்தின் விதி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கமிஷன் எவ்வளவு பிடிப்பார்கள்?

சதவீதத்தைவிட, எதன் மேல் சதவீதம் என்பதுதான் முக்கியம். பேண்ட்கேம்ப் சிடி போன்ற பொருட்களுக்கு 10 சதவீதமும் டிஜிட்டலுக்கு 15 சதவீதமும் எடுக்கிறது. 2020 மார்ச் முதல் 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று சில நாட்களில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. புது ஆல்பத்தை அன்றைக்கு வெளியிடுபவர்கள் பலர். டிஸ்காக்ஸ் 9 சதவீதம்தான், ஆனால் 2023 முதல் தபால் செலவையும் சேர்த்த மொத்தத்தின் மேல். சிடி விலை 100, தபால் 40 என்று வைத்துக்கொள்வோம். 140-இல் 9 சதவீதம் 12.60. பார்க்க 9, கையைக் கடிப்பது ஏறக்குறைய 13. இதற்கு மேல் பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் கட்டணம் தனி. விதிகள் மாறும், அதனால் பட்டியலிடும் அன்று ஒரு முறை படித்துவிடுங்கள்.

சரி, விலை எப்படி வைப்பது?

பத்து ரசிகர்களைக் கேட்டால் பத்து விலை சொல்வார்கள். நான் கீழிருந்து கூட்டுவேன். விலையை 100 என்று வையுங்கள், எந்த நாணயமானாலும் சரி. கமிஷனும் பணக் கட்டணமும் 14 போனால் 86. அச்சடிக்க ஒரு பிரதிக்கு 22, உறை, ஒட்டும் நாடா எல்லாம் 6. மிச்சம் 58. இதில் ஸ்டுடியோ வாடகை, வாசித்தவர்களின் சம்பளம், மாஸ்டரிங் எனும் கடைசி ஒலிச் சீரமைப்பு எதுவும் சேரவில்லை. அந்தச் செலவு மொத்தத்தை 58-ஆல் வகுத்தால் எத்தனை பிரதி விற்றால் போட்ட காசு திரும்பும் என்று தெரியும். அந்த எண் நீங்கள் அச்சடிக்கப்போகும் எண்ணிக்கையைவிடப் பெரிதாக வந்தால், பரவாயில்லை, பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஸ்டுடியோ செலவைக் கச்சேரியும் டிஜிட்டலும் சேர்ந்துதான் அடைக்க வேண்டும். ஆனால் அச்சடித்த செலவாவது பாதிப் பிரதிகள் விற்றதும் திரும்ப வேண்டும். அது என் கோடு.

அப்புறம், வெட்கப்பட்டு விலையைக் குறைக்காதீர்கள். விலை அதிகம் என்று என்னிடம் சண்டை போட்டவர் எவரும் விலையைக் குறைத்த பிறகு வாங்கியதில்லை.

எத்தனை பிரதிகள் அடிக்கலாம்? 'அச்சடிப்பது', 'எழுதுவது' என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஆலையில் அடிக்கும் சிடிக்கு முதலில் கண்ணாடி மாஸ்டர் ஒன்று செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டை உருக்கி அழுத்துவார்கள். அச்சு செய்யும் செலவு ஒரு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால்தான் சில நூறுக்குக் குறைந்தால் ஆலைகள் எடுப்பதில்லை, எடுத்தாலும் கட்டுப்படியாகாது. எழுதுவது என்பது சிடி-ஆர் எனும் வெற்றுத் தட்டில் லேசர் கொண்டு பதிப்பது. ஐம்பது வேண்டுமானாலும் செய்யலாம்.

சிடி-ஆரில் தகவல் ஒரு சாய அடுக்கில் இருக்கிறது. வெயிலிலும் வெப்பத்திலும் அது கெடும். சில பழைய கருவிகள் அதைப் படிக்கத் திணறும். கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் விளக்கத்தில் 'சிடி-ஆர்' என்று எழுதிவிடுங்கள். சேகரிப்பாளர் தட்டைத் திருப்பிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்று, தட்டின் மேல் காகித லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், நாளடைவில் ஓரம் கிளம்பும், காரில் இருக்கும் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் கருவியில் போய் மாட்டிக்கொள்ளும். மேலே நேராக அச்சடிக்கக்கூடிய வெற்றுத் தட்டுகளை வாங்குங்கள்.

என் முதல் ஆல்பத்துக்கு ஆயிரம் அடித்தேன், ஒரு பிரதியின் விலை குறைகிறதே என்று. குறைந்தது உண்மை. அந்த அட்டைப் பெட்டிகளின் மேல் இப்போதும் என் கீபோர்டு உட்கார்ந்திருக்கிறது.

மாஸ்டர் கோப்பு எப்படிக் கொடுக்க வேண்டும்?

1980-இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த விதிதான் இன்னமும்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரு சேனல். அதிகபட்சம் 99 பாட்டு. நேரம் 74 நிமிடத்தில் தொடங்கி இப்போது 80 வரை போகலாம், ஆனால் விளிம்பு வரை நிரப்பாமல் 78-க்குள் நிறுத்துவது நிம்மதி. ஸ்டுடியோவில் 24 பிட்டில் பதிவு செய்திருந்தால் 16-க்கு இறக்கும் வேலையைக் கடைசியில், ஒரே ஒரு முறை, மாஸ்டரிங் செய்பவர் செய்யட்டும். ஆலைக்கு டிடிபி என்ற வடிவத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பாட்டுகளின் வரிசை, இடைவெளி, குறியீடுகள் எல்லாம் அதற்குள்ளேயே பூட்டிப் போகும்.

நேரடிக் கச்சேரிப் பதிவு வெளியிடுபவர்களுக்கு ஒரு விஷயம். சிடியில் ஒரு நொடி 75 துண்டு. ஒரு துண்டில் 588 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்து எடுத்த புள்ளிகள். நீங்கள் கைதட்டலின் நடுவில் வெட்டிய கோப்பின் நீளம் 588-இன் மடங்காக இல்லாவிட்டால், எழுதும் மென்பொருள் மிச்ச இடத்தில் மௌனத்தை நிரப்பும். கைதட்டல் ஓடிக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ராகம் முடிந்து தாளத்துக்குள் நுழையும் இடத்தில் இந்த 'டிக்' வந்தால் எப்படி இருக்கும்? என் மூன்றாவது ஆல்பத்தின் புதிய தவறு இதுதான். தனித்தனிக் கோப்பாகக் கொடுக்காமல் டிடிபியாகக் கொடுத்திருந்தால் வந்தே இருக்காது.

பார்கோடு கட்டாயமா? ஐஎஸ்ஆர்சி என்றால் அதேதானா?

இரண்டும் வேறு. பார்கோடு பொருளுக்கு, ஐஎஸ்ஆர்சி பதிவுக்கு. ஆல்பம் சிடிக்கு ஒரு பார்கோடு. அதே ஆல்பத்தின் இசைத்தட்டுக்கும் டிஜிட்டலுக்கும் தனித்தனி. ஐஎஸ்ஆர்சி ஒவ்வொரு பாட்டுப் பதிவுக்கும் ஒன்று, 12 எழுத்தும் எண்ணும் கொண்டது. அந்தப் பதிவு எங்கே போனாலும் கூடவே போகும். அதே பாட்டை மறுபடி பாடிப் பதிந்தால் புது எண்.

பேண்ட்கேம்பிலும் கச்சேரி மேசையிலும் பார்கோடு இல்லாமல் விற்கலாம். பெரிய பொதுச் சந்தைகள் பெரும்பாலும் கேட்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று யாரிடமோ ஒற்றை எண் வாங்கினால், அது உலகப் பதிவேட்டில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். சரிபார்க்கும் சந்தையில் உங்கள் பட்டியல் நின்றுவிடும். அட்டை அச்சாகும் முன்பே பார்கோடை வாங்கிவிடுங்கள். பிறகு ஸ்டிக்கராக ஒட்டுவது ஆயிரம் முறை செய்யும் தண்டனை.

என் சிடியைக் கணினியில் போட்டால் 'டிராக் 01' என்றுதான் வருகிறது. ஆலை தப்புச் செய்துவிட்டதா?

இல்லை. சிடிக்குள் பாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே ஆரம்பத்தில் கிடையாது. சிடி-டெக்ஸ்ட் என்ற வசதி பின்னால் வந்தது. காரில் தெரியலாம், கணினி மென்பொருள் பல அதைச் சட்டை செய்வதில்லை. அவை ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்ற அளவை எடுத்து, கிரேஸ்நோட், மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற இணையத் தொகுப்புகளில் தேடிப் பெயரை எடுக்கின்றன. உங்கள் ஆல்பத்தை அங்கே யாரும் சேர்க்கவில்லை என்றால் பெயர் வராது. நீங்களே சேருங்கள், விற்பனைக்கு முன்பே. தாமதித்தால் முதலில் வாங்கிய யாரோ சேர்ப்பார், உங்கள் பெயரில் எழுத்துப் பிழையோடு.

மற்றவர் பாட்டைப் பாடிச் சேர்த்திருக்கிறேன். விற்கலாமா?

உங்கள் பதிவு உங்களுடையது, பாட்டு உங்களுடையதல்ல. வட்டத்துக்குள் பி என்ற குறி ஒலிப்பதிவின் உரிமைக்கு. வட்டத்துக்குள் சி என்பது மற்ற படைப்புரிமைக்கு. இசையமைத்தவரும் எழுதியவரும் அல்லது அவர்கள் சார்பில் வசூலிக்கும் அமைப்பும் அனுமதி தர வேண்டும்; அடிக்கும் பிரதிக் கணக்கில் தொகை கட்ட வேண்டியிருக்கும். சில நாடுகளில், ஏற்கெனவே வெளிவந்த பாட்டுக்குச் சட்டப்படி தொகை கட்டினால் அனுமதியை மறுக்க முடியாது. சில நாடுகளில் நேராகக் கேட்டே ஆக வேண்டும். படைத்தவர் இறந்து பல ஆண்டு ஆகியிருந்தால் உரிமைக்காலம் முடிந்திருக்கலாம்: பெர்ன் உடன்படிக்கை பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்சம் 50 ஆண்டு, பல நாடுகளில் 70. விற்கும் நாட்டின் கணக்கைப் பாருங்கள். ஒருவருடைய பதிவிலிருந்து துண்டு எடுத்துச் சேர்த்திருந்தால் பாட்டுக்கும் பதிவுக்கும் இரண்டு அனுமதி.

இதைவிட அதிகம் சண்டை வருவது வெளியாட்களோடு அல்ல, உடன் வாசித்தவரோடுதான். ஒரே தொகையா, விற்பனையில் பங்கா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அட்டைப்படம் எடுத்த நண்பரிடமும்.

பேக்கிங், தபால்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது சிடிக்கென்றே சொன்னது போலிருக்கும். வெறும் தட்டு சுமார் 15 கிராம். பிளாஸ்டிக் பெட்டியும் புத்தகமும் சேர்ந்தால் 100 கிராமை எட்டும். மெல்லிய அட்டை உறை என்றால் மொத்தமும் அதில் பாதிகூட வராது. இந்த வித்தியாசம் பல நாடுகளில் கடிதக் கட்டணமா பார்சல் கட்டணமா என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே அட்டையை வடிவமைக்கும் முன் தபால் கட்டண அட்டவணையைப் படியுங்கள். வடிவமைப்பாளர்களுக்கு இது பிடிக்காது.

ஆனால் மெல்லிய உறைக்கு முதுகு கிடையாது. அலமாரியில் செருகினால் பெயர் தெரியாது. சேகரிப்பாளர்கள் இதைச் சொல்லிக் குறைபடுவார்கள், நியாயமும்தான். முதுகு உள்ள அட்டை மடிப்பு எனக்குச் சரியான நடுவழியாகப் படுகிறது.

பிளாஸ்டிக் பெட்டி என்றால் நடுவில் தட்டைப் பிடிக்கும் பற்கள்தான் முதலில் உடையும். உடைந்த துணுக்கு தட்டோடு உரசிக்கொண்டே ஊர் ஊராகப் போகும். தட்டைத் தனியே ஒரு மெல்லிய உறையில் போட்டு, பெட்டிக்கு வெளியே பின்னால் வைத்து அனுப்பினால் பெட்டி உடைந்தாலும் பாட்டு பிழைக்கும். சுற்றிலும் வளையாத அட்டை, நான்கு பக்கமும் ஒரு விரல் கூடுதலாக. காலிப் பெட்டிகள் நாலைந்து எப்போதும் கையில் வைத்திருங்கள். பெட்டி மட்டும் உடைந்தது என்பவருக்கு அதை அனுப்பினால் வழக்கு முடிந்தது.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கச் சீட்டில் உண்மை விலையை எழுதுங்கள், 'பரிசு' என்று எழுதச் சொல்லி வாங்குபவர் கெஞ்சினாலும். 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு பார்சல்களுக்கு இருந்த வாட் விலக்கு போய்விட்டது. விற்கும் தளம் வரியை முன்பே வசூலித்து, தன் வரிப் பதிவு எண்ணைத் தந்தால், பார்சலோடு சுங்கத்துக்குப் போகும் மின்தகவலில் அதைப் போட மறக்காதீர்கள். மறந்தால் உங்கள் ரசிகர் வாசலில் வைத்து இரண்டாம் முறை வரி கட்டுவார்.

வரவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். பொய்யாக இருக்குமோ?

இருக்கலாம். இத்தனை ஆண்டில் எனக்குச் சந்தேகம் வந்தது இரண்டு பேர் மேல். மறு பேச்சில்லாமல் இன்னொன்று அனுப்பினேன். நூற்றுக்கு இரண்டு மூன்று தொலையும் என்று விலையிலேயே சேர்த்துவிட்டால் இரவில் தூக்கம் வரும்.

என் சிடியை எனக்குத் தெரியாத யாரோ, என்னைவிட இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார். என்ன செய்வது?

முதலில் அது உண்மையான பிரதியா என்று பாருங்கள். உங்களிடம் வாங்கியதை ஒருவர் மறுபடி விற்பது பல நாடுகளில் சட்டப்படி அவர் உரிமை. டிஸ்காக்ஸ் நடப்பதே அதனால்தான். பழைய முதல் அச்சு தீர்ந்து, விலை ஏறிக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். இன்னொரு ரகம், கையில் சரக்கே இல்லாதவர். உங்கள் பட்டியலைப் பார்த்து, மேலே விலை வைத்து விளம்பரம் போடுவார். ஆர்டர் வந்தால் உங்களிடம் வாங்கி, ஆர்டர் கொடுத்தவருக்கே நேராக அனுப்பச் சொல்வார். எனக்கு இப்படி வந்த முதல் ஆர்டரில், பெயர் ஒருவருடையது, முகவரி இன்னொருவருடையது. இதில் உங்களுக்குப் பண நஷ்டம் இல்லை. உறைக்குள் நீங்கள் விற்கும் பக்கத்தின் முகவரி அச்சான சீட்டு இருந்தால் அடுத்த முறை அந்த ரசிகர் நேராக வருவார்.

நகலெடுத்து விற்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தளத்தின் உரிமைமீறல் படிவத்தை நிரப்புங்கள். ஒரு பிரதியை நீங்களே வாங்கி, தட்டின் அடிப்பக்கத்தையும் நடு வளையத்து எண்ணையும் உங்களுடையதோடு சேர்த்துப் படமெடுத்து இணையுங்கள். ஆலை பொறித்த அந்த எண் பெரும்பாலும் நகலில் இருக்காது.